எச்சரிக்கையைப் பிழையாக்கும் தெரிவு யார் கையில் இருக்க வேண்டும்?

திறமூல மென்பொருள் ஒன்றின் மூல நிரலைத் தரவிறக்கி, அதனுடன் வந்த குறிப்பில் உள்ளபடியே கட்டளைகளைக் கொடுக்கிறீர்கள். திரையில் வரிகள் ஓடுகின்றன. பாதி வழியில், நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் கம்பைலர் நின்றுவிடுகிறது. கடைசி வரியில், எல்லா எச்சரிக்கைகளும் பிழைகளாகக் கருதப்படுகின்றன என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. மேலே போய்த் தேடிப் பார்த்தால், அறிவித்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்ட ஒரு மாறியைப் பற்றிய புகார். அந்த மாறியால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. மென்பொருள் சரியாகவே ஓடியிருக்கும். ஆனால் ஓட்டிப் பார்க்க உங்களிடம் எதுவும் மிஞ்சவில்லை.

இதைச் செய்தது கம்பைலருக்குக் கொடுக்கப்படும் ஒரு தெரிவு (ஆப்ஷன்); அதன் பெயர் ‘டபிள்யூ-எரர்’. ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு திறமூலக் கம்பைலர்களிலும் இதே பெயர்தான். மைக்ரோசாஃப்டின் கம்பைலரில் ‘டபிள்யூ-எக்ஸ்’ என்பார்கள். நீங்கள் இதைக் கேட்கவில்லை. மென்பொருளை எழுதியவர், நிரலை ஓடும் மென்பொருளாக்கும் ‘பில்ட்’ வேலைக்கான தன் கோப்பில் எழுதி வைத்திருந்தார்; அது உங்கள் கணினியிலும் வேலை செய்தது. சி, சி++ மொழிகளில் எழுதப்பட்ட மென்பொருளைத் தாமே பில்ட் செய்கிறவர்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்தச் சுவரில் முட்டிக்கொள்வார்கள்.

பிழைக்கும் எச்சரிக்கைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பார்த்துவிடலாம். பிழை என்றால் மொழியின் விதி மீறப்பட்டிருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு கம்பைலரால் மேலே போக முடியாது. எச்சரிக்கை அப்படிப்பட்டதல்ல. பெரும்பாலும் விதிப்படி எழுதப்பட்ட வரிதான். எழுதியவர் மனத்தில் நினைத்தது இதுதானா என்ற சந்தேகம் மட்டும் கம்பைலருக்கு. இரண்டு மதிப்புகளை ஒப்பிட சி மொழியில் இரண்டு சமக்குறிகள் வேண்டும். ஒரே ஒரு சமக்குறி போட்டுவிட்டால் ஒப்பிடுவதற்குப் பதிலாக ஒரு மதிப்பை மாறியில் எழுதிவிடும். விதிப்படி அதுவும் செல்லும். வேண்டுமென்றே அப்படி எழுதுகிறவர்களும் உண்டு, கை தவறி எழுதுகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்று கம்பைலருக்குத் தெரியாததால் எச்சரித்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்கிறது.

டபிள்யூ-எரர் அந்தத் ‘தொடர்கிறது’ என்பதை நீக்கிவிடுகிறது. சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்து என்பதுதான் அதன் முழுப் பொருள்.

இது கெட்ட எண்ணத்தில் பிறந்த தெரிவு அல்ல. ஒரு திட்டத்தில் 300 எச்சரிக்கைகள் குவிந்து கிடந்தால் 301ஆவது எச்சரிக்கையை யாரும் படிக்க மாட்டார்கள். உண்மையான வழு அந்த 301ஆவதில் இருக்கலாம். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாத நிலையைத் திட்டம் எட்டிவிட்டால், புதிதாக ஒன்று முளைக்கும்போதே கண்ணில் படும். அந்த நிலையைக் கெடாமல் காக்க எளிய வழி, எச்சரிக்கை வந்தால் பில்ட் ஆகவே ஆகாது என்று வைத்துவிடுவது. பலர் சேர்ந்து எழுதும் திட்டத்தில் ‘அப்புறம் திருத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. நிரல் எழுதுகிறவரின் மேசையில் இது நல்ல பழக்கம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. தொல்லை, அந்த மேசையை விட்டு நிரல் வெளியே போகும்போது ஆரம்பிக்கிறது.

எச்சரிக்கை யாருடைய கருத்து?

நிரலில் எச்சரிக்கை இல்லை என்று சொல்வது முழுமையான வாக்கியம் அல்ல. எந்தக் கம்பைலரின் எந்தப் பதிப்பில், எந்தத் தெரிவுகளோடு, எந்தக் கணினியில் என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் வரும். எச்சரிக்கை என்பது நிரலைப் பற்றி ஒரு குறிப்பிட்ட கம்பைலர் சொல்லும் கருத்து. கம்பைலரின் கருத்து ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது.

ஜிசிசியின் பெரும் பதிப்பு இப்போது ஆண்டுக்கு ஒன்று வீதம் வெளிவருகிறது. பெரும்பாலான திட்டங்கள் ‘டபிள்யூ-ஆல்’, ‘டபிள்யூ-எக்ஸ்ட்ரா’ என்ற இரண்டு தொகுப்புத் தெரிவுகளின் வழியாகவே எச்சரிக்கைகளைக் கேட்கின்றன. அந்தத் தொகுப்புகளுக்குள் என்னென்ன அடங்கும் என்பது பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். ‘ஆல்’ என்று பெயர் வைத்திருந்தாலும் எல்லா எச்சரிக்கைகளும் அதில் இல்லை என்பது வேறு வேடிக்கை. 2016இல் வந்த ஜிசிசி 6, வரிகளின் உள்தள்ளல் நிரலின் உண்மையான ஓட்டத்தோடு பொருந்தாமல் ஏமாற்றினால் எச்சரிப்பதை முதல் தொகுப்பில் சேர்த்தது. 2017இல் ஜிசிசி 7, ஒரு மதிப்பைப் பார்த்துக் கிளை பிரியும் சுவிட்ச் கட்டமைப்பின் ஒரு கிளையிலிருந்து அடுத்த கிளைக்குள் நிரல் வழுக்கிப் போகும் இடங்களை இரண்டாவது தொகுப்பின் வழியே சுட்டிக்காட்டத் தொடங்கியது. அப்படி வழுக்குவது சி மொழியில் தொடக்கத்திலிருந்தே அனுமதிக்கப்பட்ட ஒன்று. அதை வேண்டுமென்றே பயன்படுத்திய நிரல்கள் ஏராளம். அடுத்த ஆண்டு ஜிசிசி 8, எழுத்துச் சரத்தை நகலெடுக்கும் ஒரு பழைய செயற்கூற்றை (ஃபங்ஷன்) பலர் பயன்படுத்தும் விதத்தைக் குறை சொன்னது. ஒவ்வொரு முறையும் நேற்றுவரை சுத்தமாகப் பில்ட் ஆன மென்பொருள், ஓர் எழுத்துகூட மாறாத நிலையில், பில்ட் ஆகாமல் நின்றது.

கம்பைலரின் கருத்து எப்போதும் சரியாக இருக்கும் என்றும் இல்லை. 2023இல் வந்த ஜிசிசி 13, சி++ நிரல்களில் செத்துப்போன பொருளை இன்னும் சுட்டிக்கொண்டிருக்கும் குறிப்புகளைக் கண்டுபிடிக்கும் எச்சரிக்கை ஒன்றை முதல் தொகுப்பில் வைத்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் குற்றமே இல்லாத இடங்களிலும் அது கூச்சல் போட்டது. அடுத்த ஆண்டு ஜிசிசி 14இல் அதை இரண்டாவது தொகுப்புக்கு இறக்கிவிட்டார்கள். கம்பைலரை எழுதியவர்களே பின்வாங்கிக்கொண்ட ஒரு சந்தேகத்தை நம்பி எத்தனை பில்ட்கள் இடையில் நின்றிருக்கும்!

பதிப்பு ஒன்றேயானாலும் கதை முடிவதில்லை. மதிப்பு கொடுக்கப்படாத மாறியைப் பயன்படுத்தியிருக்கலாம் என்ற எச்சரிக்கை, ஜிசிசியில் நிரலை வேகமாக்கச் சொல்லும் மேம்படுத்தல் நிலையைப் பொறுத்து வரும் அல்லது வராமல் போகும். நிரலின் ஓட்டத்தை எவ்வளவு ஆழமாக ஆராய்கிறதோ அவ்வளவுக்கு அதன் ஐயங்களும் மாறுகின்றன. சில லினக்ஸ் வழங்கல்கள் (லினக்ஸையும் மென்பொருள்களையும் தொகுத்துத் தருபவை) பாதுகாப்புக்காக ‘ஃபோர்டிஃபை’ என்ற காவலை இயல்பாகவே இயக்கி வைத்திருக்கும். அங்கே, சில செயற்கூறுகள் திருப்பித் தரும் மதிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எச்சரிக்கை வரும். காவல் இல்லாத வழங்கலில் அதே நிரல் வாய் திறக்காது. 64 பிட் கணினியில் பொருந்திய எண் வகை 32 பிட் கணினியில் அச்சிடும் வடிவத்தோடு பொருந்தாமல் போகும். எக்ஸ்86 லினக்ஸில் குறியுள்ள எண்ணாக இருக்கும் எழுத்து வகை, ஆர்ம் லினக்ஸில் குறியற்ற எண். அங்கே ‘பூஜ்யத்தைவிடக் குறைவா’ என்று கேட்டால், அது ஒருபோதும் நடக்காதே என்று கம்பைலர் திருப்பிக் கேட்கலாம்.

பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நூலகங்களும் தம் பங்குக்கு வருகின்றன. 2021 செப்டம்பரில் வெளியான, குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0, அதற்கு முன் பரவலாகப் புழங்கிய பல கீழ்நிலைச் செயற்கூறுகளைக் கைவிடப்பட்டவை என்று அறிவித்தது. அவை தொடர்ந்து வேலை செய்தன. அழைத்தால் ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். அறிவிப்பின் நோக்கமே, மாற்றிக்கொள்ள நிரலாளர்களுக்கு அவகாசம் தருவதுதான். டபிள்யூ-எரர் இருந்த திட்டங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அடி யாருக்கு?

நிரலை எழுதியவருக்கு எச்சரிக்கை வந்தால் நல்லதுதான். அவரால் திருத்த முடியும். நிரலைப் பெற்றுப் பில்ட் செய்கிறவருக்கு வந்தால்? அவர் அந்தத் திட்டத்துக்குப் புதியவர். மாணவராக இருக்கலாம், சி மொழியே தெரியாத ஓர் ஆய்வாளராகவும் இருக்கலாம். மென்பொருள் பழுதாகிக் கிடக்கிறது என்று முடிவு கட்டிவிட்டு வேறொன்றைத் தேடிப் போய்விடுவார். புதிதாக வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்ப இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை.

மென்பொருள்களை நிறுவத் தயாரான பொதிகளாக்கும் லினக்ஸ் வழங்கல்களின் பொதிப் பராமரிப்பாளர்கள் இதை மொத்தமாகச் சுமக்கிறார்கள். டெபியன், ஃபெடோரா போன்றவை ஆயிரக்கணக்கான மென்பொருள்களை ஒரே கம்பைலரால் பில்ட் செய்பவை. புதிய ஜிசிசி உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் மறுபடி பில்ட் செய்து பார்ப்பார்கள். அப்போது உண்மையான பழுதுகளும், வெறும் எச்சரிக்கையால் நின்றவையும் ஒரே குவியலில் விழும். பிரித்தெடுப்பது மனிதர் வேலை. பழைய பதிப்பு ஒன்றுக்குப் பாதுகாப்புத் திருத்தம் அவசரமாகப் போட வேண்டிய நாளில், தொடர்பே இல்லாத ஒரு வரியைப் பற்றிக் கம்பைலர் முரண்டு பிடித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நிரலை எழுதியவரும் தப்புவதில்லை. ஒரு வழு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று கண்டுபிடிக்க, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியின் துணையுடன் பழைய நிலைகளுக்குத் திரும்பி ஒவ்வொன்றாகப் பில்ட் செய்து பார்ப்பது வழக்கம். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய நிலை, இன்றைய கம்பைலரின் இன்றைய கருத்துகளைச் சமாளிக்காது. தேடல் அங்கேயே நின்றுவிடும்.

பெரிய திட்டங்கள் கண்ட வழி

இந்தச் சிக்கலுக்குப் பெரிய திட்டங்கள் வந்தடைந்த தீர்வுகள் விவரத்தில் வேறுபட்டாலும் ஒரே திசையில்தான் போகின்றன: கண்டிப்பு எழுதுகிறவருக்கு, தளர்வு பெறுகிறவருக்கு.

எனக்கு மிகவும் பிடித்தது ஜிசிசியே தன்னைப் பில்ட் செய்துகொள்ளும் விதம். அது மூன்று கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில், உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு கம்பைலர் புதிய ஜிசிசியைப் பில்ட் செய்கிறது. அது எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று யாருக்கும் தெரியாது. அதனால் அங்கே கண்டிப்பு இல்லை. இரண்டாவது கட்டம் முதல், புதிதாகப் பிறந்த ஜிசிசியே தன் நிரலைப் பில்ட் செய்கிறது. கம்பைலர் இன்னதென்று இப்போது உறுதி. ஆகவே வளர்ச்சிக் கிளையில் அங்கிருந்துதான் எச்சரிக்கைகள் பிழைகளாகின்றன. தெரிந்த கம்பைலரிடம் மட்டும் கண்டிப்பு என்ற கொள்கையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

குனூ சி நூலகமான ஜிலிப்சி எதிர்த் திசையிலிருந்து வந்தது. 2015இல் வெளியான 2.21 பதிப்பு முதல் அது இயல்பாகவே டபிள்யூ-எரருடன் பில்ட் ஆகிறது. ஆனால் அதை அணைக்க ஒரு தெரிவையும் கூடவே கொடுத்தார்கள். தாங்கள் சோதித்ததைவிடப் புதிய ஜிசிசியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது தேவைப்படும் என்று நிறுவல் குறிப்பிலேயே எழுதி வைத்தார்கள். வேறு கணினிகளைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஇமு இன்னும் நுட்பமாக நடந்துகொண்டது. மூல நிரல் கிட் களஞ்சியமாக வந்திருந்தால் நீங்கள் நிரலாளர் என்று ஊகித்துக் கண்டிப்பை இயக்கியது. வெளியீட்டுக் கோப்பிலிருந்து எடுத்திருந்தால் விட்டுவிட்டது. கிட் கருவியின் சொந்தத் திட்டத்தில், நான் நிரலாளர் என்று ஒரு மாறியில் நீங்களே சொன்னால்தான் கண்டிப்பு வரும்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் நடந்தது சுவையானது. 2021 செப்டம்பரில், 5.15 பதிப்புக்கான வேலையின்போது, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எல்லாக் கர்னல் பில்ட்களுக்கும் டபிள்யூ-எரரை இயல்பாக்கினார். பல கட்டமைப்புகளிலும் பல கணினி வகைகளிலும் பில்ட்கள் உடைந்தன. சில நாட்களிலேயே, பில்ட் ஆகிறதா என்று மட்டும் பார்க்கும் சோதனைக் கட்டமைப்புகளில் அது இயல்பாக இருக்கும், மற்றவர்களுக்கு விருப்பம் என்று மாற்றப்பட்டது. அவ்வளவு கண்டிப்பானவரின் திட்டத்திலேயே இதுதான் முடிவு என்றால், சிறு திட்டங்கள் யோசிக்க வேண்டியதில்லை.

ஜென்டூ லினக்ஸில் பயனர்கள் தம் கணினியிலேயே எல்லாவற்றையும் பில்ட் செய்துகொள்கிறார்கள். எனவே பொதிகளில் டபிள்யூ-எரர் இருக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட கொள்கை. ரஸ்ட் மொழியோ இதைக் கருவியிலேயே தீர்த்துவிட்டது. நீங்கள் தரவிறக்கிப் பயன்படுத்தும் பிறருடைய நூலகங்களில் எவ்வளவு கண்டிப்பு எழுதியிருந்தாலும், அவற்றின் எச்சரிக்கைகளை அம்மொழியின் பில்ட் கருவியான கார்கோ அடக்கிவிடும். உங்கள் நிரலுக்கு மட்டுமே உங்கள் கண்டிப்பு பொருந்தும். சி உலகில் இப்படி ஒரு பொது ஏற்பாடு இல்லாததால் ஒவ்வொரு திட்டமும் தானே கவனித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உங்கள் திட்டத்தில் செய்வது எப்படி?

முதலில் ஒரு வேறுபாடு. எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்வதும் அவற்றைப் பிழையாக்கச் சொல்வதும் தனித்தனித் தெரிவுகள். முதலாவதை எல்லாருக்கும் வைத்துவிடலாம். அதனால் எந்தப் பில்டும் நிற்காது. இரண்டாவதை மட்டும் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வையுங்கள். சுவிட்சின் இயல்பு நிலை அணைந்தே இருக்கட்டும்.

மெசான் என்ற பில்ட் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலையே இல்லை. இதற்கென்றே உள்ளமைந்த தெரிவு அதில் உண்டு. இயல்பில் அது அணைந்திருக்கும். அதே வகைக் கருவியான சிமேக்கில் 2022இல் வந்த 3.24 பதிப்பு இதற்கான மாறியையும், அந்த மாறியில் திட்டம் என்ன சொல்லியிருந்தாலும் அதைத் தள்ளிவிடப் பயனருக்கு ஒரு கட்டளை வரித் தெரிவையும் சேர்த்தே கொடுத்தது. அதற்கு முன்பு ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரில் சொந்தமாக எழுதிக்கொண்டார்கள். பொதிப் பராமரிப்பாளர் ஒவ்வொரு திட்டத்திலும் அந்தப் பெயரைத் தேடி அலைந்தார். இன்னொரு பில்ட் கருவியான ஆட்டோகான்ஃபில், கண்டிப்பை இயக்கவும் அணைக்கவும் ஒரு தெரிவை, பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் கான்ஃபிகர் கட்டளையில் சேர்ப்பது நெடுநாள் மரபு. ஜிலிப்சியும் கியூஇமுவும் அதற்கு அதே ‘டபிள்யூ-எரர்’ என்ற பெயரைத்தான் வைத்தன. நீங்களும் புதுப்பெயர் சூட்டாதீர்கள்.

ஆட்டோகான்ஃபில் ஒரு பள்ளம் உண்டு. கான்ஃபிகர், குட்டி குட்டி நிரல்களைப் பில்ட் செய்து பார்த்துத்தான் உங்கள் கணினியில் எந்தச் செயற்கூறு இருக்கிறது என்று அறிகிறது. அந்தக் குட்டி நிரல்கள் அழகாக எழுதப்பட்டவை அல்ல; அவற்றுக்கே எச்சரிக்கை வரும். அந்த நேரத்தில் டபிள்யூ-எரர் இயங்கிக்கொண்டிருந்தால் சோதனை தோற்கும். இருக்கும் செயற்கூறு இல்லை என்று கான்ஃபிகர் எழுதிவைத்துவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. தவறான முடிவின் மேல் மென்பொருள் பில்ட் ஆகி எங்கோ தள்ளிப் போய் விழும். எனவே சோதனைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் இந்தத் தெரிவைச் சேர்க்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். இயக்கும் தெரிவும் அணைக்கும் தெரிவும் ஒரே கட்டளையில் வந்தால் கடைசியில் வந்ததே செல்லும். திட்டத்தின் தெரிவுகள் முன்னாலும் பயனர் கொடுத்தவை பின்னாலும் வந்தால் சுவிட்சே இல்லாத திட்டத்தில்கூடப் பயனர் தப்பித்துக்கொள்வார். ஆட்டோகான்ஃபின் துணைக் கருவியான ஆட்டோமேக் அந்த வரிசையில்தான் வைக்கிறது. கையால் எழுதிய மேக் கோப்புகளில் இது அடிக்கடி தலைகீழாக இருக்கும். அப்போது பயனர் என்ன கொடுத்தாலும் பயன் இல்லை, கோப்பைத் திறந்து வரியை நீக்குவதுதான் வழி.

இதற்கு வரும் மறுப்பு எனக்குத் தெரியும்: விருப்பம் என்று வைத்துவிட்டால் யாரும் இயக்க மாட்டார்கள், எச்சரிக்கைகள் மறுபடி குவியும். மனிதர்களை நம்பினால் அப்படித்தான் ஆகும். நம்ப வேண்டாம். திட்டத்தின் தானியங்கிச் சோதனையில் சுவிட்சை இயக்கி வையுங்கள். அங்கே எந்தக் கம்பைலர், எந்தப் பதிப்பு என்று தீர்மானிப்பவர் நீங்கள். எச்சரிக்கையோடு வரும் எந்த மாற்றமும் அந்தச் சோதனையைத் தாண்டி உள்ளே நுழையாது. கூடவே, அடுத்த ஜிசிசியைக் கொண்டு இன்னொரு சோதனையையும் ஓட்டலாம். அதில் எச்சரிக்கை வந்தால் தகவலாக மட்டும் இருக்கட்டும். புதிய கருத்துகளை முதலில் கேட்கிறவர் நீங்களாக இருப்பீர்கள்.

உண்மையிலேயே ஆபத்தான சில எச்சரிக்கைகளை எல்லாருக்கும் பிழையாக்க விரும்பினால் அதற்கும் இடம் உண்டு. மொத்தமாக இல்லாமல், பெயர் சொல்லி ஒன்றை மட்டும் பிழையாக்கலாம். அறிவிக்காத செயற்கூற்றை அழைப்பது அப்படிப்பட்ட ஒன்று. 2024இல் ஜிசிசி 14 இதையும் இதுபோன்ற வேறு சிலவற்றையும் தானாகவே பிழையாக்கிவிட்டது. பெயர் சொல்லித் தேர்ந்தெடுத்த பட்டியல், கம்பைலர் வளரும்போது தானாக நீளாது; அதனால் அது பாதுகாப்பானது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தனக்குத் தெரியாத எச்சரிக்கையின் பெயரைக் கேட்டால் கிளாங் அதற்கே ஓர் எச்சரிக்கை கொடுக்கும். மேலே டபிள்யூ-எரரும் இருந்தால் அந்த எச்சரிக்கையும் பிழையாகிவிடும்.

நீங்கள் பில்ட் செய்கிறவர் மட்டும்தான் என்றால், முதலில் கான்ஃபிகரின் உதவிப் பட்டியலிலோ மெசான், சிமேக் தெரிவுகளிலோ சுவிட்சைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் சி தெரிவுகளுக்கான ‘சிஃபிளாக்ஸ்’ என்ற சூழல் மாறியில் அணைக்கும் தெரிவைக் கொடுத்துப் பாருங்கள். எல்லா எச்சரிக்கைகளையும் மௌனமாக்கும் ‘சிறிய டபிள்யூ’ தெரிவை மட்டும் எட்டிப் பிடிக்காதீர்கள். பில்ட் நிற்காமல் போக அது தேவையே இல்லை, கம்பைலர் சொன்னது எதையும் நீங்கள் பார்க்கவும் முடியாது. வந்த எச்சரிக்கையை ஒரு முறை படியுங்கள். பத்தில் ஒன்று உண்மையான வழுவாகவும் இருக்கலாம். பில்ட் முடிந்ததும், கம்பைலரின் பதிப்பு எண்ணையும் எச்சரிக்கையின் முழு வரியையும் சேர்த்துத் திட்டத்தின் வழுப் பட்டியலில் பதிந்துவிடுங்கள். மென்பொருளை எழுதியவரின் கணினிக்கு அந்தக் கம்பைலர் இன்னும் வந்திருக்காது.